பழைய அவுட்லேன்டர்: பற்றரியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்து கொண்டிருந்தபோது என் தாத்தாவின் மகன் வந்து சேர்ந்தார். கேகாலையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். சிறுவயதிலிருந்தே கணக்கில் கெட்டிக்காரர். கைபேசியில் ஒரு வாகனத்தின் படத்தைக் காட்டினார். வெள்ளி நிறம், 2014ஆம் ஆண்டு மிட்சுபிஷி அவுட்லேன்டர், பிளக் இன் ஹைபிரிட்.

“மாமா, நீங்களும் ஒண்டு ஓடினீங்கதானே. வாங்கலாமா?”

கேட்ட விலையைச் சொன்னார். அந்தத் தொகையை நான் இங்கே எழுதவில்லை. பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது சந்தை வேறொரு விலை சொல்லும். ஆனால் அது அவருடைய கடையில் கிடக்கும் முழுச் சரக்கின் பெறுமதியில் பாதிக்கும் மேல் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பணம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டேன். “கம்பி, சீமெந்து கொஞ்சம் குறைச்சிப் போடுவன் மாமா, மிச்சத்தை லீசிங்கில போடலாம்” என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாபாரியின் சரக்கு குறைந்தால் வாடிக்கையாளன் அடுத்த கடைக்குப் போவான். போனவன் வாகனத்தைப் பார்த்துத் திரும்பி வரமாட்டான்.

இருந்தாலும் எடுத்த எடுப்பில் “வேண்டாம்” என்று சொல்வது பெரியவர்களுக்கு அழகல்ல. அடுத்த ஞாயிறு போய்ப் பார்ப்போம் என்று சொன்னேன். அன்று பார்த்ததையும், அந்த வாகனத்தை ஏழு வருடம் ஓடியதில் நான் கற்றதையும் இந்த வாரம் எழுதுகிறேன். எம்மவர்களில் பலர் இதே வாகனத்தை இப்போது விசாரிப்பதாக அறிகிறேன்.

முதலில் வாகனத்தைப் பற்றி. பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருந்தாலும் அடியில் இருப்பது காரின் உடம்புதான். இதைத்தான் குரொஸ்ஓவர் என்கிறார்கள். நீளம் 4,655 மில்லிமீற்றர், அகலம் 1,800. நிலத்திலிருந்து 190 மில்லிமீற்றர் உயரம். எங்கள் பக்கத்துக் குறுக்கு வீதிகளுக்கும் மழைக்காலப் பள்ளங்களுக்கும் அது போதுமானது. ஜப்பானில் 2013 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. முன்சக்கரங்களுக்கு ஒரு மின்மோட்டார், பின்சக்கரங்களுக்கு ஒரு மின்மோட்டார், ஒவ்வொன்றும் 60 கிலோவாட். இவற்றுக்குத் துணையாக இரண்டு லீற்றர் பெற்றோல் என்ஜின். இருக்கைகளுக்கு அடியில், தரையோடு தரையாக 12 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பற்றரி. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்துகொண்டு பெற்றோல் இல்லாமலும் ஓடலாம், சார்ஜ் முடிந்தால் பெற்றோலில் ஹைபிரிட் மாதிரியும் ஓடலாம். வழக்கமான கியர்பெட்டி கிடையாது. மெதுவாகப் போகும்போது என்ஜின் மின்சாரம் பிறப்பிக்கும் ஜெனரேட்டராக மட்டும் வேலை செய்யும். வேகம் கூடி, ஏறத்தாழ 65, 70ஐத் தாண்டினால்தான் என்ஜின் நேரடியாக சக்கரத்தோடு சேரும்.

ஆரம்பத்தில் ஒரு சறுக்கல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 மார்ச்சில் ஜப்பானில் ஒரு வாகனத்தின் பற்றரி சூடேறி உருகியதைத் தொடர்ந்து உற்பத்தியை நிறுத்தினார்கள். அதுவரை விற்ற ஏறத்தாழ 4000 வாகனங்களைத் திருப்பியழைத்துப் பார்த்தார்கள். பற்றரிக் கலங்களைச் சோதிக்கும் கட்டத்தில் அவற்றுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் என்று கண்டு, திருத்தி, அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மீண்டும் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆகவே 2013 முற்பகுதியில் தயாரான வாகனம் யாராவது காட்டினால், அந்தத் திருத்தம் நடந்ததா என்று சேஸி இலக்கத்தை வைத்து விசாரித்த பின்னரே பேச வேண்டும். பிறகு 2015இல் முகம் மாறியது. 2018இல் என்ஜின் 2.4 லீற்றராகவும் பற்றரி 13.8 கிலோவாட் மணியாகவும் கூடின. 2021 டிசம்பரில் ஜப்பானில் முற்றிலும் புதிய அவுட்லேன்டர் வந்ததோடு இந்தப் பழைய வடிவத்தின் கதை அங்கே முடிந்தது.

இலங்கைக்கு வருவோம். எமது நாட்டில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓடிய வாகனத்தை வாங்கியவன் ஒரு வருடம் ஓடிவிட்டு வாங்கிய விலைக்கு மேலாக விற்றான். அதைக் கண்ட எமது வியாபாரிகள் “வாகனம் விலை இறங்காது, அதுவும் காணி மாதிரித்தான்” என்று பேசப் பழகிவிட்டார்கள். என் மருமகனின் வாயிலும் அதே பேச்சுத்தான் வந்தது. அந்த ஐந்து வருடம் ஒரு வரட்சிக் காலம். வரட்சியில் தண்ணீர் விற்ற விலையை வைத்து மழைக்காலத்தில் கிணறு வாங்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காரை இறக்க அனுமதி இல்லாததால் இந்தப் பழைய அவுட்லேன்டர் இனிப் புதிதாக வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருப்பவைதான் கைமாறும். ஒவ்வொரு வருடமும் அவற்றின் பற்றரிக்கு ஒரு வயது கூடும்.

பற்றரி என்ற இடத்தில்தான் முழு விடயமும் இருக்கிறது.

சாதாரண காரில் என்ஜின் தேய்ந்தால் ரிங் மாற்றலாம், தலையைத் திறக்கலாம். பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் வேண்டியது கிடைக்கும். இந்த வாகனத்தின் பெறுமதியில் பெரும்பகுதி தரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதற்குள் 80 கலங்கள். புதிதாக இருக்கும்போது ஒவ்வொன்றின் கொள்ளளவும் 40 அம்பியர் மணி. வருடம் செல்லச் செல்ல அது குறையும். வெப்பம் அதை விரைவாகக் குறைக்கும். கொழும்பு வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்த வாகனமும், நுவரெலியாவில் ஓடிய வாகனமும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் ஒரே பற்றரி அல்ல. இதில் கம்பனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லித்தியம் பற்றரியின் இயல்பே அதுதான். வாகனத்துக்கு ஜப்பானில் பற்றரி உத்தரவாதம் கொடுத்ததும் எட்டு வருடத்துக்குத்தான்.

இந்தக் கொள்ளளவை அறிய ஊகம் தேவையில்லை. ஸ்டீரிங்கின் கீழே உள்ள சோதனைத் துளையில் ஒரு சிறிய கருவியைப் பொருத்தி, கைபேசியிலேயே கலங்களின் அம்பியர் மணியைப் பார்க்கலாம். ஹைபிரிட் வேலை தெரிந்த எந்த கராஜ் பாஸிடமும் அந்தக் கருவி இருக்கும். சிறு கட்டணம்தான். இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் வாகனத்துக்கு அந்தச் சிறு கட்டணத்தைக் கொடுக்காமல் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நாங்கள் புடவை வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்ப்போம், சாயம் போகுமா என்று நனைத்துப் பார்ப்போம். வாகனம் என்றால் மட்டும் ஏனோ கண் கூசிவிடுகிறது.

ஞாயிறு காலை விற்பவரின் வீட்டுக்குப் போனோம். மரியாதையான மனிதர், தேநீரும் தந்தார். “பற்றரி புதுசு மாதிரி, ஃபுல் சார்ஜ் காட்டுது பாருங்க” என்றார். காட்டியது உண்மை. ஆனால் ஃபுல் என்று மீற்றர் காட்டுவது, இப்போதிருக்கும் கொள்ளளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான். பெரிய குடமும் நிரம்பும், சிறிய குடமும் நிரம்பும். நாங்கள் கூட்டிப்போன பாஸ் கருவியை மாட்டினார். 27 வந்தது. நாற்பதில் இருபத்தேழு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

அதன் பொருள் என்ன? ஜப்பான் சோதனையில் இந்த வாகனத்துக்கு மின்சாரத்தில் 60.2 கிலோமீற்றர் என்று சொன்னார்கள். நான் 2016இல் வாங்கிய புதிதில், ஏசி போட்டு எங்கள் மேடு பள்ளத்தில் ஓடி ஒருநாளும் அதைக் காணவில்லை. 45 வந்தால் நல்ல நாள். அதில் மூன்றில் இரண்டு என்றால் 30 கிலோமீற்றர்.

பின்னர் ஓடிப் பார்த்தோம். மாவனல்லையிலிருந்து கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம் வரைக்கும் போய் வரச் சொன்னேன். ஒரு வாகனத்தின் குணம் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும் என்பது எங்கள் ஊர் சாரதிமார் எல்லோருக்கும் தெரியும். அடிவாரத்துக்குப் போகுமுன்பே மின்சாரம் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஏற்றத்தின் நடுவில் சார்ஜ் தீர்ந்ததும் என்ஜின் எழுந்து கத்த ஆரம்பித்தது. மருமகன் பயந்துவிட்டார். அது பழுதல்ல. 1,800 கிலோ நிறையை மேலே தள்ளுவதற்குத் தேவையான மின்சாரத்தை என்ஜின் அந்த நேரத்தில் பிறப்பிக்க வேண்டும், அதனால்தான் அந்தச் சத்தம். அனுபவசாலி ஏற்றத்துக்கு முன்னரே “சேவ்” பொத்தானை அழுத்தி மின்சாரத்தை மீதம் பிடித்து வைத்துக்கொள்வான். பற்றரி சிறுத்த வாகனத்தில் மீதம் பிடிக்கவும் அதிகம் இல்லை.

இறக்கத்தில் இந்த வாகனத்தைப் போல சுகம் எதுவும் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஸ்டீரிங்கின் பின்னால் உள்ள இரண்டு இலைகளால் மின்பிரேக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஐந்தில் வைத்தால் பிரேக்கில் கால் வைக்காமலே இறங்கி வரலாம். இறங்கும் வேகம் மின்சாரமாகி பற்றரிக்குள் திரும்பிப் போகும். ஏழு வருடத்தில் நான் முன் பிரேக் பட்டை ஒரு தடவைதான் மாற்றினேன். என் மனைவிக்கு வாகனத்தில் தலைசுற்றல் உண்டு. சத்தமும் உதறலும் இல்லாத இந்த வாகனத்தில் அவர் கண்டி வரை நிம்மதியாக வந்தார். அதற்காகவே நான் அதை விற்க நீண்ட நாள் மனமில்லாமல் இருந்தேன்.

2022ஐயும் மறக்க முடியாது. அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு வந்தது. விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை, வரிசையில் இரவைக் கழித்தோம். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். அக்காலத்தில் ஊருக்குள் மின்சாரத்திலேயே ஓடி, கிடைத்த பெற்றோலை புறக்கோட்டைப் பயணத்துக்குச் சேர்த்து வைத்தேன். அயலவர் இருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அது உதவியது. ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. சார்ஜ் ஏற நாலு மணித்தியாலம் வேண்டும். மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து இரவு எழும்பி பிளக் போட்டதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிளக் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் கேபிள் 15 அம்பியர் வரை இழுக்கும். நான் செலவை மிச்சம் பிடிக்க, வாசலில் இருந்த சாதாரண 13 அம்பியர் பிளக் பொயின்டில் மாற்றுப் பிளக் போட்டுச் செருகினேன். மூன்றாம் கிழமை சுபஹுக்கு எழும்பியபோது பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக் சுவரோடு உருகி ஒட்டிப்போயிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். அடுத்த நாளே தனி வயர் இழுத்து, தனி ட்ரிப் சுவிட்ச் போட்டு, ஏர்த் சரிபார்த்தோம். இந்த வாகனம் வாங்குபவர் அந்தச் செலவை வாகன விலையோடு முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் வாகனத்தை வீதியில் நிறுத்துபவரும் இந்த வாகனத்தின் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. சார்ஜ் செய்யாமல் ஓடினால் ஒரு பாரமான பெற்றோல் வாகனத்தைத்தான் ஓடுகிறார்கள்.

திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து மருமகனோடு கணக்குப் போட்டோம். அவருடைய வீடு மாவனல்லையில், கடை கேகாலையில். உதுவான்கந்தையைத் தாண்டிப் போய் வர 24 கிலோமீற்றர். வாரத்தில் நாலு நாள் அந்த ஓட்டம், 96 கிலோமீற்றர், எல்லாம் மின்சாரம். மீதி இரண்டு நாள் சரக்கெடுக்க புறக்கோட்டைக்கு. போய் வர 180, இரண்டு தடவைக்கு 360. அதில் தடவைக்கு 30 வீதம் 60 கிலோமீற்றர்தான் மின்சாரத்தில் போகும், மீதி 300 பெற்றோலில். சார்ஜ் தீர்ந்த பிறகு என் வாகனம் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடியது. ஆகவே வாரம் 23 லீற்றர்.

இதே 456 கிலோமீற்றரை லீற்றருக்கு 19 ஓடும் ஒரு சிறிய சாதாரண ஹைபிரிட் காரில் ஓடினால்? 24 லீற்றர்.

மருமகன் கணிப்பானை எடுத்து இரண்டாம் முறையும் தட்டிப் பார்த்தார். ஒரு லீற்றர்தான் வித்தியாசம். அத்தோடு அவுட்லேன்டருக்கு மின்சாரமும் வேண்டும். அந்த 156 கிலோமீற்றருக்கு வாரத்தில் ஐந்து தடவைக்கு மேல் சார்ஜ், தடவைக்கு ஆறரை அலகு என்று வைத்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 145 அலகு. எங்கள் வீட்டு மின்கட்டணம் படிப்படியாகக் கூடுவது. 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் ஏற்கெனவே ஓடுகின்றன. வாகனத்துக்கு ஏறும் அலகில் பெரும்பகுதி அந்த உச்சப் படியில்தான் விழும். கூரையில் சோலார் போட்டவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவர் வீட்டில் சோலார் இல்லை.

இதையே ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்குப் போட்டுப் பாருங்கள். கடையும் வீடும் பாடசாலையும் பத்துக் கிலோமீற்றருக்குள், நாளுக்கு 25, 30 ஓட்டம், தூரப் பயணம் மாதத்தில் ஒன்றிரண்டு. அவருக்கு இந்த வாகனம் பெற்றோல் நிலையத்தையே மறக்கச் செய்யும். அப்படிப்பட்ட நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டபோது வாங்கச் சொன்னேன், அவர் இன்றும் சந்தோஷமாக ஓடுகிறார். வாகனம் ஒன்றுதான், ஓடும் பாதை வேறு.

ஒரு கேள்வியை நான் கடைசி வரை கேட்காமல் வைத்திருந்தேன். “மகன், வீட்டில எத்தனை பேர்?”

உம்மா, மனைவி, நாலு பிள்ளைகள், அவரோடு ஏழு பேர். இந்த அவுட்லேன்டரில் ஐந்து இருக்கை. சாதாரண பெற்றோல் அவுட்லேன்டரில் மூன்றாம் வரிசை உண்டு. ஆனால் இதில் பின்மோட்டாரும் அதன் கருவிகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மூன்றாம் வரிசை வைக்கவில்லை. வெளியே இருந்து பார்த்தால் பெரிய வாகனம். பெருநாளைக்கு முழுக் குடும்பமும் புறப்படும்போது இருவர் வீட்டில் நிற்க வேண்டும், அல்லது முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும். “சின்னவர்களை மடியில வைக்கலாம் மாமா” என்றார். கடைக்குட்டிக்கு ஆறு வயது. எத்தனை வருடம் மடியில் வைப்பார்?

வாங்குவதென்று தீர்மானித்தவர்களுக்கு, பற்றரிக்கு அடுத்ததாகக் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்கிறேன். ஏசியை நன்றாகச் சோதியுங்கள். பற்றரி சூடேறும்போது அதைக் குளிர வைப்பதும் அதே ஏசியின் வாயுதான். ஏசி பலவீனமானால் வியர்ப்பது உங்களுக்கு மட்டுமல்ல. வாகனத்தை மேலே தூக்கி, அடித்தட்டில் கல் இடித்த வடு இருக்கிறதா என்று பாருங்கள், பற்றரிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. சார்ஜிங் கேபிள் கையோடு வருகிறதா, வேலை செய்கிறதா என்று உங்கள் கண் முன்னே ஒரு மணித்தியாலமாவது போட்டுப் பாருங்கள். பெரிய பற்றரி நிரம்பியிருந்தாலும் சாதாரண 12 வோல்ட் சிறு பற்றரி செத்தால் வாகனம் எழும்பாது. அது மலிவான சாமான், பார்த்தவுடன் மாற்றிவிடலாம். சில வாகனங்கள் மின்சாரத்திலேயே ஓடி, பெற்றோல் மாதக்கணக்கில் தாங்கியில் பழசாகிக் கிடக்கும். ஆகவே என்ஜினை வலிந்து எழுப்பி அரை மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். என்ஜின் ஒயிலையும் கிலோமீற்றரை வைத்து மாற்றாமல் மாதத்தை வைத்தே மாற்ற வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்கு விற்பனைக்கு வந்ததைக் கண்டிருக்கிறேன். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளம் அதைவிடப் பெரியது, எங்கள் கேகாலை மாவட்டமும் அதில் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். தண்ணீருக்குள் நின்ற சாதாரண காரையே வாங்கக் கூடாது. 300 வோல்ட் பற்றரி தரையில் இருக்கும் வாகனத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே மறைந்திருக்கும். கார்ப்பெற்றைத் தூக்குங்கள். இருக்கையின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள், உயர் அழுத்த மின்சாரம் போவது அவற்றில்தான்.

பத்திரங்களும் அப்படியே. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழுமையான உரிமையாளராக இன்னும் இருக்கிறதா, விற்பவரின் பெயரில்தான் வாகனம் இருக்கிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன் பேப்பரில் மூன்று கை மாறிய வாகனம் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

நாங்கள் பார்த்த வாகனத்தில் வெள்ளமும் இல்லை, பத்திரக் குறையும் இல்லை. வயதான பற்றரி ஒன்றுதான். மாற்றுப் பற்றரி என்று கேட்டால் ஜப்பானில் மோதி உடைந்த வாகனத்திலிருந்து கழற்றியதைக் காட்டுவார்கள். அதற்கும் வயது உண்டு, அதன் அம்பியர் மணியையும் அளக்காமல் வாங்க முடியாது. பொருத்தத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஒருவர் இல்லை. ஆகவே நான் விற்பவரிடம் நேராகவே சொன்னேன். உங்கள் வாகனம் சுத்தம், ஆனால் நீங்கள் முழுப் பற்றரியின் விலை கேட்கிறீர்கள், இருப்பது மூன்றில் இரண்டு. இன்னும் சில வருடத்தில் அது பாதியாகும். அந்தக் குறைவைக் கழித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “ஹாஜியார், எல்லாரும் மீற்றரைத்தான் பார்க்கிறாங்க, நீங்கதான் பற்றரியை அளக்கிறீங்க” என்றார். ஒரு சதமும் குறைக்கவில்லை.

பத்து நாளில் வாகனம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் கருவி மாட்டிப் பார்த்தாரா என்று தெரியாது. மருமகனுக்கு என்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது. அவரைவிட அவருடைய உம்மாவுக்கு அதிகம். போன கிழமை தாத்தா தொலைபேசியில், “நீ ஏழு வருஷம் அதில போய் சுகம் கண்டாய் தம்பி, என்ட புள்ளைக்கு மட்டும் கணக்குச் சொல்றாய்” என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கடை லொறியின் முன்சீற்றில்தான் போகிறார்கள் என்பதும் உண்மைதானே.

சீமெந்து லோட் மட்டும் இந்த மாதம் முழுதாக இறங்கியது. ஏழு பேர் இருக்கக்கூடிய பழைய நோவா ஒன்று குருநாகல் பக்கம் இருப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு பாஸையும் கருவியையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.